நெல்லைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: சாப்பாடு, பொழுதுபோக்கு, கூட வரும் நாய் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வேலை மாற்றலிலோ படிப்புக்கோ திருநெல்வேலிக்கு வந்து, வீடு பிடித்து, சாமான் இறக்கி முடித்ததும் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் எங்கே போகிறோம் என்பதைவிட எப்போது போகிறோம் என்பது முக்கியம். அல்வாவுக்குச் சாயங்காலம், பதநீருக்குக் காலை, அருவிக்கு ஆனி ஆடி, நாய்க்கு விடியற்காலை. நேரம் தப்பினால் சரியான இடத்தில் நின்றும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஜங்ஷன், டவுன், பாளை, புது பஸ்ஸ்டாண்ட் என்கிறார்களே, எது எங்கே இருக்கிறது?

தாமிரபரணியை நடுவில் வைத்துப் பாருங்கள். ஆற்றுக்கு மேற்கே ரயில் நிலையமும் பழைய பேருந்து நிலையமும் இருக்கும் பகுதி ஜங்ஷன். அங்கிருந்து ஈரடுக்கு மேம்பாலம் ஏறி மேற்கே போனால் நெல்லையப்பர் கோயிலும் நான்கு ரத வீதிகளும் உள்ள டவுன். ஜங்ஷனிலிருந்து கிழக்கே, 1843-இல் கட்டப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, அப்புறம் பாளையங்கோட்டை. புது பஸ்ஸ்டாண்ட் என்பது வேய்ந்தான்குளத்தில் உள்ளது. வெளியூர்ப் பேருந்துகளுக்கு அங்கேதான் போக வேண்டும். ஆட்டோவில் ஏறி 'பஸ்ஸ்டாண்ட்' என்று மட்டும் சொல்லாதீர்கள், ஜங்ஷனா புதுசா என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைக்காரரையும் ஆட்டோக்காரரையும் 'அண்ணாச்சி' என்று கூப்பிடலாம். வயதான அம்மாவை 'ஆச்சி' என்றால் முகம் மலரும்.

அல்வா எங்கே, எப்போது, எப்படி வாங்குவது?

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். அன்றைக்குச் செய்தது தீர்ந்தால் கடை சாத்திவிடுவார்கள். ஐந்து மணிக்கு முன்பே வரிசையில் நிற்பது நல்லது. தீபாவளி, பொங்கலை ஒட்டிய நாட்களில் இன்னும் முன்னால் போக வேண்டும். ஜங்ஷன் பக்கத்து அல்வாக் கடைகள் நாள் முழுக்கத் திறந்திருக்கும். ஒரே மாதிரிப் பெயரில் அடுத்தடுத்துக் கடைகள் உண்டு. பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல், ஐம்பது கிராம் கையில் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பார்சல் சொல்லுங்கள். சுடச்சுட இலைத் துண்டில் வைத்துத் தருவதில்தான் அல்வாவின் குணம் தெரியும்.

எதைப் பார்க்க வேண்டும்? விரலால் எடுத்தால் வழுக்க வேண்டும், ஒட்டக் கூடாது. மென்றால் லேசாக இழுத்துக் கொடுக்க வேண்டும், ரப்பர் மாதிரி பல்லோடு சண்டை போடக் கூடாது. பின்நாக்கில் மெலிதான புளிப்பு வாசம் இருந்தால் கோதுமைப் பால் சரியாக ஊறியிருக்கிறது என்று அர்த்தம். சம்பா கோதுமையை இரவு முழுக்க ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, தெளிய விட்டு, மேல்தண்ணீரை இறுத்த பிறகுதான் அடுப்பேறும். வீட்டுக் கணக்கு, ஒரு பங்கு கோதுமைக்கு மூன்று பங்கு சீனி, ஒன்றரைப் பங்கு வரை நெய். அந்தச் செம்பழுப்பு நிறம் சீனியைக் கருக்கிச் சேர்ப்பதால் வருவது.

வாங்கி வந்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்து கல்லாகிவிடும். ஈரம் படாத டப்பாவில் வெளியிலேயே ஒரு வாரம் தாங்கும். இறுகிவிட்டால், கிண்ணத்தில் போட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஐந்து நிமிடம் வைத்தால் மறுபடி இளகும்.

அல்வாவைத் தவிர இந்த ஊருக்கே உரிய சாப்பாடு என்ன?

முதலில் சொதி. கல்யாணத்துக்கு அடுத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் மறுவீட்டு விருந்தின் குழம்பு இது. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் சேர்த்து, காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும் மட்டும் போட்டுச் செய்வது. தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். தேங்காய்ப்பாலும் பருப்பும் வயிற்றில் கனக்கும் என்பதால்தான் இஞ்சித் துவையல் கட்டாயம். அதைத் தட்டில் ஒதுக்கி வைக்காதீர்கள்.

சைவ ஹோட்டல்களில் சொதி தினமும் இருக்காது. காலையிலேயே கேட்டு வைத்துக்கொண்டு மதியம் போக வேண்டும். வீட்டிலேயே செய்வதென்றால் நான்கு பேருக்கு ஒரு பெரிய தேங்காய், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு போதும். காய்களை மூன்றாம் பாலில் வேகவிட்டு, வெந்த பருப்பையும் இரண்டாம் பாலையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கெட்டியான முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும். அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் திரியும். இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகு பிழியுங்கள்.

அடுத்தது உளுந்தம்பருப்புச் சோறு. கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசி, பூண்டு, தேங்காய்த்துருவலோடு பொங்கி, எள்ளுத் துவையல் வைத்துச் சாப்பிடுவது. பருப்பும் காய்களும் அரிசியோடு சேர்ந்து வேகும் கூட்டாஞ்சோறு, அவியல், புளியில்லாக் குழம்பு எல்லாம் பெரும்பாலும் வீட்டுச் சாப்பாடுதான். பக்கத்து வீட்டு ஆச்சியோடு பழகுங்கள், கிண்ணம் வந்து சேரும்.

பரோட்டாவுக்கு எந்தப் பக்கம் போவது?

ஊருக்குள்ளேயே தெருவுக்குத் தெரு பரோட்டாக் கடை உண்டு. கல் சூடேறுவது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போனால் அடித்த பரோட்டா கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும். அதற்குப் பிறகு அடுக்கி வைத்தது கிடைக்கும், சால்னாவும் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். இங்கே சால்னாவைத் தொட்டுக்கொள்வது வழக்கமில்லை. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே ஊற்றி, ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுப்பவர்கள் செங்கோட்டைக்கு அருகே பிரானூர் பார்டருக்குப் போவார்கள். சின்னதாக, பஞ்சு போல இருக்கும் பரோட்டாவுக்கு மிளகு தூக்கலான நாட்டுக்கோழி வறுவல். குற்றாலம் சீசனில் அங்கே இடம் கிடைப்பது சிரமம். அருவியில் குளித்துவிட்டு எல்லோரும் பசியோடு வரும் ஒரு மணியைத் தவிர்த்து, பன்னிரண்டுக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

பதநீர், நுங்கு?

மாசி கடைசியிலிருந்து ஆனி வரை பனை சீசன். பதநீரைக் காலை ஒன்பது மணிக்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளிக்காமல் நிற்கிறது, வெயில் ஏற ஏற அந்தக் கட்டுப்பாடு தளரும். பனை ஓலைப் பட்டையில் குடிக்கும்போது புளிப்பு வாடை தட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பனங்கிழங்கு பொங்கலை ஒட்டி வரும்.

நாயை ஹோட்டலுக்குக் கூட்டிப்போகலாமா?

உள்ளே விட மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். இலை போட்டுப் பந்தி பந்தியாக ஆள் உட்காரும் சாப்பாட்டுக் கடைகளில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வாசலில் மேசை போட்டிருக்கும் டீக்கடை, பழரசக் கடை, பரோட்டாக் கடைகளில் நடக்கும், ஆனால் கேட்டுவிட்டு. "அண்ணாச்சி, கூட நாய் இருக்கு, ஓரமா உக்காந்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள்.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். கூட்டம் சேரும் முன், ஆறு மணிவாக்கில் போங்கள். கறி வாசனைக்குக் கடை வாசலிலேயே படுத்திருக்கும் தெருநாய்களுக்கு அதுதான் எல்லை. அவற்றிடமிருந்து விலகிய மேசையாகப் பாருங்கள். கயிற்றை மேசைக் காலில் கட்டாதீர்கள், பிளாஸ்டிக் மேசையோடு இழுத்துக்கொண்டு ஓடும். உங்கள் காலுக்கடியில் மிதித்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வாங்க இறங்கும்போது நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போகவே கூடாது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய கார் பத்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும். ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பது காப்பாற்றாது.

அப்படியானால் நாய்க்கு ஏற்ற இடம் எது?

நாய்க்கென்று வேலி போட்ட பூங்காவைத் தேடி அலைய வேண்டாம். பெருமாள்புரம், மகாராஜநகர், என்.ஜி.ஓ. காலனி, கே.டி.சி. நகர் போன்ற குடியிருப்புத் தெருக்களே காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை நல்ல நடைபாதை. ஏழு மணிக்குப் பள்ளி வாகனங்கள் வந்துவிடும். ஊர் எல்லையைத் தாண்டினால் வயக்காட்டுப் பாதைகளும் குளக்கரைகளும் இருக்கின்றன. தண்ணீர் நிறைந்த குளக்கரையில் காலைக் காற்று சுகமாக இருக்கும், நாயும் மூக்கைத் தரையில் வைத்தால் எடுக்காது.

வயக்காட்டில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள், வாத்து மேய்ச்சலும் இருக்கும். எவ்வளவு சாதுவான நாயும் நூறு ஆடு ஒன்றாக ஓடினால் துரத்தும். ஒரு ஆடு கால் ஒடிந்தாலும் அது ஆடு மேய்க்கும் கீதாரியின் பிழைப்பு. மயிலைக் கண்டாலும் துரத்தும், அதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. நாற்று நட்ட சமயத்தில் வரப்பில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க விடாமல், கையில் ஒரு பாட்டிலும் கிண்ணமும் கொண்டுபோங்கள்.

மாலை நடை என்றால் தார்ச்சாலையைச் சோதியுங்கள். புறங்கையை ஏழு விநாடி ரோட்டில் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. பங்குனி, சித்திரையில் ஏழு மணிக்கு முன் கிளம்ப வழியில்லை.

இந்த வெயிலுக்கு ஒத்துப்போகும் நாய் வேண்டுமென்றால் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் இந்தத் தென்சீமையின் இனங்களே. குட்டை ரோமமும் ஒல்லி உடம்பும் வெப்பத்தைத் தாங்கும். சப்பை மூக்கு நாயான பக், அடர்ந்த ரோமம் கொண்ட ஹஸ்கி இரண்டும் இங்கே மூச்சு வாங்கியே பாதி நாளைக் கழிக்கும். தயவுசெய்து யோசித்து வாங்குங்கள்.

தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால்?

ஓடாதீர்கள். உங்கள் நாயை உடம்புக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தி, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, பக்கவாட்டில் பைய நகருங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தெருமுனை எல்லை. அதைத் தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும். புதிய வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் ஒரே பாதையில், ஒரே நேரத்தில் போய்ப் பழக்கிக்கொள்ளுங்கள், அவற்றுக்கும் வாசனை பழகிவிடும்.

உங்களைக் கடித்துவிட்டால், பல் பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். முதல் நாளைப் பூஜ்யமாக வைத்து 3, 7, 28-ஆம் நாள் ஊசிகளையும் தவறாமல் போட வேண்டும். காயம் ஆறிவிட்டதே என்று நடுவில் நிறுத்துவதுதான் உயிருக்கு ஆபத்து.

தாமிரபரணியில் நாயைக் குளிப்பாட்டலாமா?

ஊருக்குள் இருக்கும் படித்துறைகளில் வேண்டாம். சிந்துபூந்துறை, குறுக்குத்துறை எல்லாம் மனிதர்கள் குளிக்கும், திதி கொடுக்கும் இடங்கள். நகரப் பகுதியில் சாக்கடையும் ஆற்றில் கலக்கிறது. சேரன்மகாதேவிக்கு மேற்கே போகப் போகத் தண்ணீர் தெளியும். ஆள் இல்லாத மணல் கரையாகப் பார்த்து, நீளக் கயிற்றோடு முழங்கால் ஆழத்தில் மட்டும் விடுங்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கரையில் நிற்பவருக்குத் தெரியாமலே இழுப்பு கூடும். சோப்பு போடாதீர்கள், அதே தண்ணீரைத்தான் கீழே ஊர் ஊராகக் குடிக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் காதின் உள்மடலைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். தொங்கும் காதுள்ள நாய்க்கு ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். ஆற்றுக்குப் போகும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பும் அடங்கிய கூட்டுத் தடுப்பூசி அவசியம்.

அருவிகளுக்கு?

நாயோடு போகாதீர்கள். பாபநாசம் அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி, மாஞ்சோலை மூன்றும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் இருக்கின்றன. நாய் ஏற்றிய வண்டியைத் திருப்பிவிடுவார்கள். காரணம் உண்டு. வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் செந்நாய்க்கும் புலிக்கும் தொற்றும். குற்றாலத்தில் சாவடி இல்லாவிட்டாலும் குரங்குகள் உண்டு. நாயைக் கண்டால் கூட்டமாக இறங்கும்.

நீங்கள் மட்டும் போவதென்றால், குற்றாலச் சாரல் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. அகஸ்தியர் அருவியில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் விழும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கொண்டுபோகாதீர்கள், தடை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்தால் குளிக்கத் தடை போடுவார்கள். காலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரம் வரை போவது பேருந்தைவிடச் சுகம். இரண்டு பக்கமும் வயலும் மலையும் கூடவே வரும்.

கடற்கரை?

நாய்க்கு உவரி நல்லது. நாங்குநேரி, திசையன்விளை வழியாகப் போனால் விடிகாலையில் மணல் காலியாக இருக்கும். திருச்செந்தூர் வேண்டாம், எந்த நேரமும் பக்தர்கள் கூட்டம். உவரியில் வலை காயப்போட்ட பக்கம் போகாதீர்கள், தூண்டில் முள் கிடக்கும். கரையில் ஒதுங்கிய மீனை வாயில் வைக்க விடவே கூடாது. உடம்பு பந்து மாதிரி ஊதியிருந்தால் அது பேத்தை. அதன் விஷம் சில மணி நேரத்தில் நாயின் மூச்சை நிறுத்திவிடும்.

குழந்தைகளோடு அரை நாள் கழிக்க?

கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் திருச்செந்தூர் சாலையில் இருக்கிறது. ஒரே கல்லில் செதுக்கிய ஆளுயரச் சிலைகளில் கைநரம்பும் நகக்கண்ணும் தெரியும். மதியம் நடை சாத்தியிருக்கும், காலையில் போங்கள். பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு டிசம்பருக்கு மேல். நாரைகளும் கரண்டிவாயன்களும் ஊருக்குள்ளிருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். பறவை மிரளக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அங்கேயும் நாய் வேண்டாம். சினிமாவுக்குத் திரையரங்குகள் நிறைய. பெரிய நடிகர் படத்தின் முதல் மூன்று நாள் குடும்பத்தோடு போக ஏற்றதல்ல.

திருவிழா, கூத்து?

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று டவுனுக்குள் வண்டி போகாது. ஜங்ஷனில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நவராத்திரி முடிவில் பாளையங்கோட்டை தசராவுக்கு அம்மன் சப்பரங்கள் இரவெல்லாம் வரும்.

கொடை எனப்படும் கிராமத்துக் கோயில் திருவிழாவை மட்டும் தவற விடாதீர்கள். பங்குனி, சித்திரை, ஆடியில் சுற்றுக் கிராமங்களில் நடக்கும். வில்லுப்பாட்டும், சுடலைமாடன் கோயில்களில் கணியான் கூத்தும் கேட்கலாம். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல் கருவி இரண்டு ஒன்றோடொன்று பேசும். ஒன்றின் நாதம் தடிமன், மற்றது கூர்மை. இரவு பத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். செருப்பை வெளியே விட்டு, ஓரமாகத் தரையில் உட்காருங்கள். சாமியாடுபவரைப் படமெடுக்கும் முன் ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள்.

கொடை நடக்கும் ஊரில் குடியிருந்தால், அன்றிரவு நாயை உள்ளறையில் ஃபேன் ஓடவிட்டு, கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணோடு வையுங்கள். வேட்டுச் சத்தத்தில் மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள் அதிகம்.

கால்நடை மருத்துவர், உரிமம்?

ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனையில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அறுவை சிகிச்சைக்கு வெளியூரிலிருந்தும் வருவார்கள். காலையிலேயே போங்கள். தடுப்பூசி அட்டையும், வயிற்றுப்போக்கு என்றால் அன்றைய மலத்தைச் சின்ன டப்பாவிலும் எடுத்துப்போங்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம் தொடங்கி ஆண்டுதோறும். உரிமம் பற்றி மாநகராட்சியின் தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், திருநெல்வேலி ஆகிய நான்கு மண்டலங்களில் உங்களுடையதில் கேளுங்கள், அங்கேயும் அந்த அட்டைதான் முதல் சான்று.

இங்கே நாய்களைச் சாய்ப்பது உண்ணிக் காய்ச்சல். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் படுத்திருந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ மூக்கில் ரத்தம் கசிந்தாலோ அன்றே மருத்துவமனை. உண்ணி மழைக்குப் பிறகு பெருகும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் தடவிப் பார்க்க வேண்டும்.

நம் சாப்பாட்டில் நாய்க்கு எதைக் கொடுக்கக் கூடாது?

அல்வா கொடுக்காதீர்கள், நெய்யும் சீனியும் கணையத்தை வீங்க வைக்கும். சால்னா ஊறிய பரோட்டாவில் வெங்காயம் இருக்கிறது, அது நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். கேசரியில் உள்ள உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். பனம்பழக் கொட்டையையும் மாங்கொட்டையையும் விழுங்கினால் குடல் அடைத்து அறுவை சிகிச்சையில் முடியும். உப்பில்லாத சோறு, வெந்த முட்டை, எலும்பெடுத்த கோழி, வெயிலுக்குத் தண்ணீர் மோர் கொஞ்சம் போதும்.

ரயிலில் நாயைக் கூட்டிப்போக?

ஸ்லீப்பர், இரண்டு மூன்று அடுக்கு ஏசி, இருக்கை வண்டி எதிலும் கூடாது. வந்தே பாரத்திலும் முடியாது. முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் அறையையோ நான்கு பேர் அறையையோ முழுவதுமாக உங்கள் பெயரில் எடுத்தால் கூடவே வரலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். பகல் வெயிலில் அது கொடுமை, இரவு வண்டியாகப் பாருங்கள். வண்டி கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே பயணச்சீட்டு, அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை, முந்தின நாள் வாங்கிய மருத்துவர் சான்று நான்கோடும் பார்சல் அலுவலகத்துக்குப் போய்ப் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள்.